ரெண்டு விரக்கடை டீசல்

எங்கள் குடும்பத்தில் குடிப்பழக்கம் உள்ளவர்கள் யாரும் கிடையாது. அப்பா டீயைக்கூட அரை டம்ளருக்கு மேல் குடிக்கமாட்டார். மாமாவுக்கு, அதாவது அம்மாவின் ஒரே தம்பிக்கு, தண்ணீர் குடிக்கவே நேரம் இருக்காது. குடித்ததெல்லாம் மாமாவின் பிக்கப் வண்டி ஒன்றுதான். அது மொடாக்குடி குடித்தது. காலையில் கொய்யாவும் ஆரஞ்சும் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்கும்போது சாதுவாகத்தான் இறங்கும். சாயங்காலம் சிமெண்டோ மாட்டுத் தீவனமோ ஏற்றிக்கொண்டு அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வருவதற்குள், அன்றைக்குக் கிடைத்த வாடகையில் பாதியைக் குடித்துத் தீர்த்துவிடும். மலைமேல் எங்கள் கடைத்தெருவான ஒண்டிக்கடையில் நிற்கும் டிரைவர்கள் மாமாவைப் பார்த்தால், வண்டிக்கு ஊறுகாய் வாங்கினாயா என்று கேட்பார்கள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. கிளியூரில் எங்கள் வீடு தார்ரோட்டுக்குக் கீழே, இறக்கத்தில் இருந்தது. ரோட்டை விட்டு இறங்கினால் நேரே எங்கள் வாசல்தான். அந்த வாசலிலும் ஒரு கோலிக்குண்டை வைத்தால் நிற்காது, உருண்டு கொல்லைக்குப் போய்விடும். மாமா ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு சந்தில் வாடகை அறையில் இருந்தார். சந்துக்குள் வண்டி நுழையாது என்பதால் தினமும் எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார், சாப்பிடுவார், நடந்தே அறைக்குப் போவார். அக்காள் வீட்டில் சாப்பிடலாம், படுக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

அம்மாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அந்த வருஷம் ஐப்பசி மழை தொடங்கும்போது மாமா ஒரு சேதி சொன்னார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வண்டி ஓட்ட ஆள் கேட்கிறார்களாம். தைப் பொங்கல் வரைக்கும் பார்ப்பாராம். டீசல் செலவு குறையாவிட்டால் வண்டியை விற்றுவிட்டுப் போய்விடுவாராம். அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டாள். மாமா போய்விட்டால் வீடு என்னாகும் என்று நான் நினைத்துப் பார்த்தேன். அப்பா நல்லவர், ஆனால் காப்பி எஸ்டேட் ரைட்டர். நாள் முழுவதும் ஆள் கணக்கும் எடைக் கணக்கும் எழுதி எழுதி, வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கமாட்டார். எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் என்பது மாமா கொண்டுவந்து இறக்கும் சரக்கு.

ஒண்டிக்கடையில் ஒரு செல்போன் கடை வாசலில் மட்டும்தான் அப்போது நெட் ஒழுங்காகக் கிடைக்கும். அங்கே நின்றுகொண்டு மாமா ஒரு வீடியோ பார்த்தார். எந்த நாட்டுக்காரனோ, தன் பிக்கப் வண்டியின் பின்பக்கத்தைச் சாய்வாக மூடி, வேண்டாத பாரத்தையெல்லாம் கழற்றிப் போட்டு, பாதி எண்ணெயில் ஓட்டிக் காட்டினான். அவன் பேசியதில் மாமாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. புரியாததால்தான் முழுசாக நம்பினார் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். வண்டியைப் பின்னுக்கு இழுப்பது காற்றாம், காற்றை ஏமாற்றிவிட்டால் டீசல் மிச்சமாம். முக்கிக்கொண்டு ஏறும் மலை ரோட்டில் காற்றுக்கு இழுக்க என்ன இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எங்கள் வாசலில் வேலை நடந்தது. ஸ்டெப்னி டயர் இறங்கியது. கேபின் மேலிருந்த இரும்புக் கேரியர் இறங்கியது. பக்கவாட்டுக் கம்பிகள், ஏணி, இரண்டாவது ஹாரன் எல்லாம் கொல்லைக்குப் போயின. பக்கத்து சீட்டையும் கழற்றுவதாக இருந்தது. அது என் சீட் என்று நான் அழுததால் விட்டுவிட்டார். பழைய ஆயில் டின்னைத் தட்டி நிமிர்த்தி முன் பம்பருக்கு அடியில் தகடாகக் கட்டினார். டயர்களுக்குக் கல் மாதிரி காற்றடித்தார். அப்பா வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மொட்டை அடிச்சாச்சுங்க மாப்ள, காது குத்தறது எப்பங்க?" என்றார். மாமாதான் முதலில் சிரித்தார்.

கடைசியில் சாய்வுக் கூரை. மூங்கில் வளைத்து, கேபின் உச்சியிலிருந்து பின்கதவு வரை சரிவாக இறங்கும்படி ஒரு ஃப்ளெக்ஸ் பேனரை இழுத்துக் கட்டினார். அது அவருடைய நண்பரின் கல்யாண ஃப்ளெக்ஸ். மாப்பிள்ளையும் பெண்ணும் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துச் சிரித்தபடி தினமும் சேலம் போய்விட்டு வந்தார்கள்.

இவ்வளவும் செய்தால் எவ்வளவு மிச்சம் என்று அளக்க வேண்டுமே. வண்டியில் டீசல் காட்டும் முள் செத்து வருஷக்கணக்காகியிருந்தது. அதற்கு மாமா வைத்திருந்த கருவி ஒரு காப்பிச் செடிக் குச்சி. டேங்க் வாய் நேராக இறங்கும் பழைய வண்டி அது. குச்சியை உள்ளே விட்டு எடுத்தால் எதுவரை நனைந்திருக்கிறதோ அதுதான் இருப்பு. விரல் பருமன் ஒன்றுக்கு ஒரு விரக்கடை என்று கத்தியால் கோடு கீறியிருந்தார். காலையில் சேலத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் டேங்க் வாய் தளும்ப நிரப்புவார். ஊர் சுற்றி, மலை ஏறி, வாசலுக்கு வந்ததும் நான் குச்சியை விட்டு எத்தனை விரக்கடை குறைந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். அந்த உத்தியோகத்தை எனக்குக் கொடுத்தவர் மாமாதான், அவர் கை நடுங்குமாம். உண்மையில் அவருக்குப் பார்க்கப் பயம்.

அதுவரை தினமும் நான்கு விரக்கடை குறையும். மொட்டை அடித்த வண்டி முதல்நாள் போய்விட்டு வந்ததும் குச்சியை விட்டேன். இரண்டுதான் குறைந்திருந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டேன். இரண்டுதான். மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். "என்ற தங்கமே, நீ கை வெச்சா வெளங்கும் கண்ணு" என்றார். அம்மா வாசலுக்கு வந்து அடுப்பு வேலையை மறந்து நின்றாள். அன்றைக்கு ராத்திரி சோற்றோடு முட்டைப் பொரியலும் இருந்தது. இப்படியே தினமும் இரண்டு, இரண்டு என்று நான் சொல்லச் சொல்ல, மாமா ஒண்டிக்கடையில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். திருப்பூருக்கு வர முடியாது என்று போன் செய்தும் சொல்லிவிட்டார்.

இரண்டு வாரம் போயிருக்கும். பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் மாமா வண்டியை எடுக்கவில்லை. ஃப்ளெக்ஸில் ஒரு ஓட்டை தைக்க வேண்டியிருந்ததால், வண்டியை ரோட்டுக்கு ஏற்றித் திருப்பி, மூக்கு கீழே இருக்கும்படி வாசலில் இறக்கி நிறுத்தினார். எனக்கு வேறு வேலை இல்லாததால் சும்மா குச்சியை விட்டுப் பார்த்தேன். நான்கு விரக்கடை குறைந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் நானே பார்த்தது இரண்டு. வண்டி எங்கும் போகவில்லை. தைத்து முடித்ததும் மாமா பழையபடி திருப்பி நிறுத்தினார். அவர் கை கழுவப் போன நேரத்தில் மறுபடி விட்டேன். இரண்டு.

நான் சமையலறைக்குப் போய் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஏறியது, மறுபக்கம் இறங்கியது. இதைக் கண்டுபிடிக்க ஆறாம் வகுப்பு அறிவியல்கூட வேண்டியதில்லை. முன்பெல்லாம் மாமா ரோட்டிலிருந்து நேரே இறங்கி, மூக்கைக் கீழே வைத்துத்தான் நிறுத்துவார். சாய்வுக் கூரை கட்டிய பிறகு அப்படி நிறுத்தினால் ஃப்ளெக்ஸ் மட்டமாகி மழைத் தண்ணீர் குளம் கட்டியது. அதனால் ரிவர்ஸில் இறக்கி, மூக்கு மேலே, வால் கீழே என்று நிறுத்த ஆரம்பித்திருந்தார். டேங்கின் வாய் வால் பக்கம். டீசல் அங்கே ஓடி வந்து சேர்ந்து நின்றது. மிச்சமானது ஒரு சொட்டுக்கூட இல்லை. எங்கள் வாசலின் சரிவைத்தான் நாங்கள் இரண்டு வாரமாகக் கொண்டாடிக்கொண்டிருந்தோம்.

நான் சொல்லவில்லை. சொன்னால் திருப்பூர். அது ஒன்றுதான் என் புத்தியில் நின்றது. என்னைத் தூக்கிச் சுற்றியதும் முட்டைப் பொரியலும் அதில் சேர்த்திதான் என்பதை இப்போது மறைப்பதில் அர்த்தமில்லை. தைப் பொங்கல் வரைக்கும் ஓட்டிவிட்டால் போதும், பிறகு மாமாவே திருப்பூரை மறந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். தினமும் சாயங்காலம் குச்சியை விட்டு, நனைந்த கோட்டைப் பார்த்து, உள்ளதை உள்ளபடி "ரெண்டு" என்றேன். அதில் பொய்யே இல்லை என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் பங்க் ஒன்று இருக்கிறதே, அதற்கு எங்கள் வாசல் சரிவு தெரியாது. காலையில் நிரப்பும்போது வண்டி பழைய மாதிரியே லிட்டர் லிட்டராக வாங்கிக்கொண்டது. மழைக்காலம், பாரம் கூடக் குறைய இருந்தது என்று மாமா முதலில் பொருட்படுத்தவில்லை. பிறகு பங்க்காரன் ஏமாற்றுகிறான் என்றார். வேறு பங்குக்கு மாறினார். அங்கேயும் அதே கதை. டேங்க் ஒழுகுகிறதோ என்று வண்டிக்கடியில் அட்டையை விரித்து வைத்தார். அட்டை காய்ந்தே கிடந்தது. சாயங்காலம் குச்சி சொல்வது ஒன்று, காலையில் பங்க் சொல்வது ஒன்று. அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில் டீசல் எங்கே போகிறது என்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி கேட்டார். யாரிடம் கேட்டார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

டேங்க் மூடிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டார். இரண்டு சாவி. ஒன்று அவர் இடுப்பில், இன்னொன்று, தொலைத்துவிடுவார் என்பதால், எங்கள் வீட்டு ஆணியில். பூட்டிய பிறகும் கணக்கு உதைத்தது. அது காப்பிப் பழம் பறிக்கும் காலம். பழத்தை உரிக்கும் பல்பர் மெஷினுக்கு எஸ்டேட்டில் டீசல் ஊற்றுவார்கள். அந்தக் கேன் களவு போகிறது என்று அப்பா அதைச் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து, காலையில் எடுத்துப் போவார். கதவு மூலையில் அது நின்றிருக்கும். மாமா வரும்போதெல்லாம் அந்தக் கேனைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்.

மார்கழி பிறந்து முதல் ஞாயிறு. அம்மா கறி எடுத்துக் குழம்பு வைத்திருந்தாள். அப்பா சாப்பிட உட்கார்ந்துவிட்டார். மாமா வந்தார், செருப்பைக் கழற்றவில்லை. வாசற்படியிலேயே நின்றுகொண்டு, அப்பாவிடம் மரியாதை கொஞ்சமும் குறையாமல் பேசினார்.

"ஏனுங்க மாமா, வேணும்னா கேட்டிருக்கலாமுங்களே. நானே புடிச்சுக் குடுத்திருப்பனுங்க."

அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. எதைப் பற்றிப் பேசுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோர் கண்ணும் ஒரு தரம் கேனுக்குப் போய் வந்தது. அப்பா திட்டவில்லை, எழுந்திருக்கவுமில்லை.

"சோறு ஆறுதுங்க மாப்ள. உக்காந்து சாப்புடுங்க" என்றார்.

பசியில்லை என்று மாமா சொன்னார். நான் வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன். அம்மா என் தோளைப் பிடித்து, பெரியவர்கள் பேசுகிற இடத்தில் உனக்கென்ன, உள்ளே போ என்றாள். நான் உள்ளே போனேன். போகச் சொல்லிவிட்டார்களே என்று எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை நினைத்தால், இன்றைக்கும் யாராவது என்னை நல்ல பெண் என்று சொல்லும்போது கூசிப்போகிறது. சமையலறையில் நின்றபடி வண்டி கிளம்பும் சத்தத்தைக் கேட்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் சமையலறையில் கறிக்குழம்புச் சட்டி பக்கத்தில் நின்றிருந்தது.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள், மாமா வந்தால் சொல்லலாம் என்று நினைத்தேன். மாமா வரவில்லை. வண்டியை ஒண்டிக்கடையில் ஒரு மரக்கடையின் சமதளத்தில் நிறுத்த ஆரம்பித்தார். அங்கே சரிவு இல்லை. குச்சி சொன்னதும் பங்க் சொன்னதும் ஒத்துப்போயின. ஊருக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டுமா? அக்காள் வீட்டு வாசலை விட்டதும் திருட்டு நின்றுவிட்டது என்று ஒண்டிக்கடை முழுவதும் பேச்சு. குச்சி காட்டிய மிச்சமும் இல்லாமல் போனதற்கு, ஃப்ளெக்ஸ் கிழிந்ததையும் ஊர்க் கண்ணையும் காரணமாகச் சொன்னார்களாம். பொங்கல் கழிந்ததும் மாமா வண்டியை விற்றுவிட்டுத் திருப்பூர் போனார். எதைத் தடுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேனோ அது சொன்ன தேதியில் நடந்தது.

இரண்டு வருஷம் கழித்து நான் பெரியவளானபோது, தாய்மாமன் சீர்த்தட்டு ஒரு தூரத்துச் சொந்தக்காரர் கையில் வந்தது. குடிசை கட்ட வேண்டிய மாமாவுக்குப் பதில் அவர் தென்னை ஓலையைத் தொட்டுக் கொடுத்தார். அம்மா தட்டிலிருந்த பச்சைப் பட்டுச் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் சொல்லியிருக்கலாம். அதற்குள் என் வாய் மூடியே பழகிவிட்டது.

போன ஆடியில் அம்மா இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தவள் பத்து நாளில் போய்விட்டாள். பிறந்த வீட்டுக் கோடித் துணியுடன் மாமா வந்து இறங்கினார். தலை பாதி நரைத்திருந்தது. பதின்மூன்று வருஷம் கழித்து அந்த வாசலில் அவர் கால் வைத்தபோது, அப்பா எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இவ்வளவு சுலபமா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

கருமாதி முடிந்து சொந்தபந்தம் எல்லாம் கலைந்த மத்தியானம், அவர்கள் இருவர் முன்னாலும் போய் நின்று, கிண்ணத்தில் தண்ணீர் சாய்த்துப் பார்த்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். மாமா என் தலையில் கை வைத்தார்.

"அது எனக்கு அப்பவே தெரியும் கண்ணு. மரக்கடையில நிறுத்துன பத்து நாள்ல, பங்க்ல அப்பவும் அதே லிட்டரு புடிக்கறதப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சு என்ன பண்றது? அப்படிக் கேட்டுப்போட்டு, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இந்த ஊட்டுக்கு வர்றது?"

அப்பா செருப்பைப் பார்த்தபடி, தனக்கும் தெரியும் என்றார். எஸ்டேட் டீசல் பீப்பாய் கோணலாக நின்றால் அடியில் கல்லை வைத்து மட்டம் பண்ணிவிட்டுத்தான் குச்சி விடுவாராம். ரைட்டருக்கு இதுகூடத் தெரியாதா என்றார். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டதற்குப் பிறகு சொன்னால் அது தப்பிப்பதற்காகச் சொல்வது மாதிரி ஆகிவிடும், கேட்காமலே நம்பியிருக்க வேண்டும் என்றார். அதை மாமாவின் காதுபடவே சொன்னார். மாமா தலையை ஆட்டிக்கொண்டார். ஆக, நான் இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியம் அவர்கள் இருவருக்கும் பழைய சேதி. உண்மை தெரியாமல்தான் பிரிந்து கிடக்கிறார்கள், நான் வாயைத் திறந்தால் சேர்ந்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அதற்கும் எனக்குச் சக்தி இருந்திருக்கவில்லை. மனசு கொஞ்சம் லேசானதுகூட. அப்போதுதான் அதைக் கேட்கத் தோன்றியது.

"அம்மாகிட்ட யாருங்க சொன்னீங்க?"

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா அப்பாவைப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டிக்குள் பேசியிருப்பார்கள் என்று மாமா இருந்துவிட்டார். கட்டினவளே ஒரு வார்த்தை கேட்காதபோது நானாகப் போய் என்ன சொல்வது என்று அப்பா இருந்துவிட்டார். நான், மாமாவிடம் சொல்ல வேண்டும், அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று பதின்மூன்று வருஷமும் ஒத்திகை பார்த்தேனே தவிர, அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அது அவளுடைய வழக்கு என்றே எனக்குத் தோன்றியதில்லை.

அம்மா கேட்கவில்லை என்பது உண்மைதான். அப்பாவை நம்பியதால் கேட்கவில்லை என்று நான் வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த மார்கழிக்குப் பிறகு, அப்பா எஸ்டேட்டிலிருந்து வந்து கழற்றிப் போடும் சட்டையை ஊறவைக்கும் முன், அம்மா அதை ஒருதரம் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பாள். டீசல் கேன் வீட்டுக்கு வராத மாதங்களிலும் விடாமல், நான் வேலைக்கென்று சேலம் போகும்வரை தினமும் பார்த்திருக்கிறேன். வியர்வை எவ்வளவு, சோப்பு எவ்வளவு போட வேண்டும் என்று பார்க்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.